கையெலும்பு முறிவும் அறுவைக்குப் பின் செய்யவேண்டுவனவும்

உழவு மாட்டின் காலில் அடிபட்டால் அன்று பொழுது சாய்வதற்குள் கால்நடை மருத்துவரை அழைத்துவரும் நம் விவசாயிகள், தம் கைவிரல் ஒன்று முறிந்தால் மட்டும், “அறுப்பு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்” என்று பத்து நாட்களைத் தள்ளிவிடுகின்றனர். காலெலும்பு முறிந்தவர் நடக்க இயலாது. ஆகவே நாலு பேர் தூக்கியேனும் அவரை மருத்துவமனையில் சேர்த்துவிடுகின்றனர். கையெலும்பு முறிந்தவரோ தம் காலால் நடந்து வயலுக்கே போய்விடுகிறார். வீக்கத்தின்மேல் ஒரு பற்று, அதன்மேல் ஒரு கந்தைத் துணி, அத்துடன் சிகிச்சை முடிந்தது என்று எண்ணிவிடுவதும் உண்டு.

இவ்வலட்சியத்தால் விளையும் கேட்டைப் பலரும் அறிவர். அதிகம் அறியப்படாத வேறொரு கேடும் இருக்கிறது. உரிய காலத்தில் மருத்துவமனைக்குச் சென்று, நல்ல முறையில் அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்டு, வீடு திரும்பிய பின் கையைக் கெடுத்துக்கொள்வது அது. இக்கட்டுரை பெரும்பாலும் அதனைப் பற்றியதே. நாம் மருத்துவரல்லோம். எலும்பு மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் கேட்டறிந்ததையும், ஒன்றியப் பணியில் கண்ணால் கண்டதையும் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் பயன்படுமாறு எடுத்துச் சொல்லுவதே நமது நோக்கம்.

நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊரில் நாற்பத்தைந்து வயதுள்ள சிறு விவசாயி ஒருவர் இருக்கிறார். மூன்றாண்டுகளுக்கு முன், மாட்டைக் குளிப்பாட்டி ஓட்டிவரும்போது பிடிகயிற்றின் முனையை விரல்களில் சுற்றிக்கொண்டு நடந்தார். எதிரே வந்த லாரியின் ஒலிக்கு மாடு மிரண்டு தலையை உதறியது. மோதிரவிரலின் அடியெலும்பு முறுக்கிக்கொண்டு முறிந்தது. சுண்டுவிரலுக்கு நேரே உள்ளங்கையில் உள்ள எலும்பும் முறிந்தது. மூன்றாம் நாள் அறுவை செய்து, சிறு தகடும் திருகாணிகளும் வைத்து எலும்புகளைச் சேர்த்தனர். வேலை செம்மையாகவே நடந்திருந்தது. அவர் கையில் கொடுத்தனுப்பிய சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. விரல்களை உடனே அசைக்கத் தொடங்கவேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்ததை நாம் பின்னாளில் பார்த்தோம். அதனை அவருக்குப் படித்துச் சொல்லுவார் அப்போது எவரும் இல்லை.

வீட்டாரோ அவர்மீது மிகுந்த அன்புடையவர்கள். தாயார் சோற்றைப் பிசைந்து ஊட்டினார். மனைவி சட்டைப் பொத்தானையும் தாமே போட்டுவிட்டார். விரல் சற்று அசைந்தாலும், “வேண்டாம், கம்பி விட்டுப்போகும்” என்று சுற்றியிருந்தோர் பதறினர். கழுத்திலிருந்து துண்டில் தொங்கிய கை ஒன்பது வாரங்கள் அசையாதிருந்தது. மறுமுறை மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாள் அறுவடைக் காலத்தில் வந்தது, வலியும் இல்லை, ஆகவே போகவில்லை.

அவர் ஒரு மனுவோடு நமது அலுவலகத்துக்கு வந்தபோதுதான் அக்கையைக் கண்டோம். மனுவை நீட்டிய கையில் கடைசி இரண்டு விரல்களும் மரக்கொம்பு போல் நீட்டிக்கொண்டு நின்றன. “எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாம், ஐயா. படத்தைக் காட்டிச் சொன்னார்கள். கைதான் கூடவில்லை” என்றார்.

எழுதுவதற்கும் ஊசியில் நூல் கோப்பதற்கும் பெருவிரலும் சுட்டுவிரலும் போதும். மண்வெட்டிக் காம்பை இறுகப் பிடிக்கவும், அரிவாளை நழுவாமல் நிறுத்தவும் பெரும்பங்கு வலிமை தருவன மோதிரவிரலும் சுண்டுவிரலுமே. சுண்டுவிரல்தானே என்று இகழ்பவர், அதனை மடக்காமல் ஒரு மண்வெட்டியை ஓங்கிப் பார்க்கட்டும்.

கை ஏன் இறுகிப்போகிறது?

மணிக்கட்டில் எட்டு, உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் பதினான்கு என ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. விரல்களை மடக்கி நீட்டும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை. அவை முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் கயிறு போல் ஓடிவந்து விரலெலும்புகளில் பற்றிக்கொள்கின்றன. கிணற்றுக் கப்பியில் வடம் ஓடுவதுபோல, விரலின் உட்புறத்தில் அமைந்த சிறு வளையங்களுக்குள் இந்நாண்கள் வழுக்கி ஓடவேண்டும். விரலின் மேற்புறத்திலோ நாண் எலும்பை ஒட்டியே கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே சதை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

எலும்பு முறிந்ததும் அங்கே இரத்தம் கசிகிறது. நீர் கோத்து வீங்குகிறது. அறுவை செய்தாலும் புண் ஆறும்போது இவ்வாறே நிகழும். இந்நீர் நாளடைவில் நாராக உறைந்து எலும்பு, நாண், தோல் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கஞ்சி போட்ட வேட்டியை மடித்தபடியே காயவிட்டால் மடிப்புகள் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது கிழியவும் கூடும். ஈரம் இருக்கும்போதே உதறி உதறிக் காயவைத்த வேட்டி ஒட்டுவதில்லை; கஞ்சியும் அதில் நன்றாகவே நிற்கிறது. முறிந்த கைக்கும் அந்த உதறல் வேண்டும். எலும்பு கூடுவதற்கு வேண்டிய உறுதியும், நாண்கள் ஒட்டாதிருக்க வேண்டிய அசைவும் ஒரே காலத்தில் கிடைக்கச் செய்வதே கையெலும்பு அறுவையின் கருத்து. முறிவைக் கம்பியாலோ தகட்டாலோ நிறுத்திவிட்டால் கை அசையலாம். அசைவதற்காகவே அது நிறுத்தப்படுகிறது. இதை அறியாமல், தகடு வைத்த கைக்கு இன்னும் அதிக ஓய்வு வேண்டும் என்று நம்மவர் தலைகீழாக எண்ணிக்கொள்கின்றனர்.

மூட்டுகளின் சங்கதி வேறு. விரல் உள்ளங்கையோடு சேரும் பெரிய கணுவின் இருபுறமும் பிணைப்பு நார்கள் இருக்கின்றன. விரல் நீண்டிருக்கையில் அவை தளர்ந்திருக்கும். மடங்குகையில் விறைத்து நிற்கும். நீட்டிய நிலையிலேயே சில வாரங்கள் கட்டிவைத்தால், தளர்ந்திருந்த நார் அந்த அளவுக்கே சுருங்கிவிடும். பிறகு அக்கணு மடங்காது. விரலின் நடுக்கணுவிலோ இது எதிராக நடக்கிறது: மடங்கிய நிலையில் விட்டுவைத்தால் அது பின்னர் நீளாது. அடிபட்ட கையை அதன் போக்கில் விட்டால் மணிக்கட்டு தொங்கும், பெரிய கணுக்கள் நீளும், நடுக்கணுக்கள் மடங்கும். அதாவது மிகவும் கெடுதலான நிலையையே அது தானாக நாடும். ஆகவேதான் மருத்துவர் சிம்பு வைத்துக் கட்டும்போது, மணிக்கட்டைச் சற்றுப் பின்னுக்கு வளைத்து, பெரிய கணுக்களை நன்றாக மடக்கி, விரல்களை நேராக நீட்டி வைக்கின்றனர். பார்ப்பதற்கு வாத்தின் அலகு போல் இருக்கும். இது வசதியில்லை என்று வீட்டில் சிம்பை அவிழ்த்து வேறு வகையாகக் கட்டிக்கொண்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

அடிபட்ட முதல் மணி நேரம்

கதிரடிக்கும் இயந்திரம், தீவனம் வெட்டும் இயந்திரம், கரும்பு பிழியும் உருளை, மோட்டாரின் பெல்ட்டு, கைப்பிடி சுற்றிக் கிளப்பும் எண்ணெய் எஞ்சின், கிணற்றில் இறக்கும் கல், மாட்டின் கயிறு, இரு சக்கர வண்டியிலிருந்து விழுதல் ஆகியவற்றாலேயே நம் கிராமங்களில் கைகள் முறிகின்றன. அடிபட்டவுடன் செய்யத்தக்கது முதலாவதாக மோதிரத்தையும் வளையல்களையும் கழற்றிவிடுவது. வீங்கிய பின் மோதிரம் இறங்காது. விரலின் இரத்த ஓட்டத்தையே அது தடுத்துவிடும். திருமண மோதிரத்தை வெட்ட மனமில்லாமல் விரலை இழப்பது அறிவுடைமையாகாது.

தோல் கிழிந்திருந்தால் சுத்தமான நீரை ஓடவிட்டுக் கழுவி, வெளுத்த துணியால் மூடி அழுத்திக் கட்டவேண்டும். காப்பித் தூள், மஞ்சள் தூள், சாணம், சுண்ணாம்பு எதுவும் கூடாது. வயலிலும் தொழுவத்திலும் பட்ட புண்ணில் மண்ணும் எருவும் புகுந்திருக்கும். எலும்பு வரை சென்ற புண்ணாயின் சீழ் பிடிக்கும் அபாயம் மிகுதி. அதனை அறுவை அறையில் கழுவித் துப்புரவு செய்வதும், சீழ்த்தடை மருந்து கொடுப்பதும், தசையிறுக்க ஜன்னிக்குத் தடுப்பூசி போடுவதும் காலம் தாழ்த்தத் தகாதவை. கையை ஓர் அட்டையிலோ சுருட்டிய செய்தித்தாளிலோ கிடத்தி, தளர்வாகச் சுற்றி, நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு புறப்படவேண்டும். வழியில் கடையில் நிறுத்திச் சாப்பிடச் செய்வதும் நம் வழக்கமாக இருக்கிறது. மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருத்தல் வேண்டும். அந்த உபசாரத்தால் அறுவை பல மணி நேரம் தள்ளிப்போகும். சர்க்கரை நோயாளியாயின் அதை முதலிலேயே 108 வண்டிப் பணியாளரிடம் சொல்லிவிடுவது நன்று.

விரல் துண்டாகிவிட்டால் அதனை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு இறுகக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி உள்ள வேறொரு பையில் வைத்து எடுத்துச் செல்லவேண்டும். துண்டு நேராகப் பனிக்கட்டியைத் தொடக்கூடாது.

எல்லா முறிவுக்கும் அறுவை வேண்டுமா?

வேண்டுவதில்லை. எலும்பு இடம் பெயராமல் விரிசல் மட்டும் விட்டிருந்தால், அடிபட்ட விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டிக் கட்டினாலே போதும். அது தோழனின் துணையோடு அசைந்துகொண்டே கூடிவிடும். முறிவு இடம் பெயர்ந்தபோதும், மூட்டுக்குள் ஓடியபோதும், தோலைக் கிழித்து வெளிவந்தபோதும், பல எலும்புகள் ஒருங்கே முறிந்தபோதும், நாணோ நரம்போ இரத்தக் குழாயோ சேர்ந்து அறுந்தபோதும் அறுவை தேவைப்படுகிறது. பெருவிரலின் அடியில் மூட்டுக்குள் ஏற்படும் முறிவு தனியாகக் கவனிக்கத்தக்கது. அங்கே பற்றியுள்ள நாண், முறிந்த எலும்பை ஓயாமல் வெளிப்புறம் இழுத்துக்கொண்டிருக்கும். ஆகையால் மாவுக்கட்டில் மட்டும் அது நிலைத்திருப்பது அரிது.

விரல் முறுக்கிக்கொள்ளுதல் என்பது எக்ஸ்ரே படத்தில் எளிதில் புலப்படாத ஒரு குற்றம். நல்ல கையை மெல்ல மடக்கிப் பார்த்தால் நான்கு விரல்களின் முனைகளும் பெருவிரலின் அடிப்பக்கத்து மணிக்கட்டு எலும்பை நோக்கியே சாயக் காணலாம். முறிந்த விரல் அவ்வரிசையை விட்டு, பக்கத்து விரலின் மேலே ஏறினால், எலும்பு திருகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடியில் 5 பாகை அளவு திருகலிருந்தால் முனையில் ஒன்றரை சென்டிமீட்டர் வரை விரல் மேலேறிவிடும் என்பது மருத்துவர் கணக்கு. நாம் மேலே குறித்த விவசாயிக்கு அறுவை செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எக்ஸ்ரே என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1895-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெர்மானிய விஞ்ஞானி ரான்ட்ஜன் இக்கதிரைக் கொண்டு எடுத்த புகழ்பெற்ற முதற்படமே அவர் மனைவியின் கையைத்தான். ஆயினும் அப்படமும் சில சமயம் ஏமாற்றும். வரப்பில் வழுக்கி உள்ளங்கையை ஊன்றி விழுந்தவருக்கு, பெருவிரலின் அடியில் புறங்கைப் பக்கம் தோன்றும் சிறு குழியை அழுத்தினால் வலிக்குமாயின், அங்குள்ள படகு வடிவ எலும்பு முறிந்திருக்கலாம். முதல் நாள் படத்தில் அம்முறிவு தெரியாமலும் போகும். பத்துப் பதினான்கு நாட்கள் சென்று மறுபடம் எடுத்தால் தெரியும். இவ்வெலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் ஒரு முனையிலிருந்தே வருவதால், முறிவுக்கு அப்பாலுள்ள பாதி உணவின்றி நலிந்துவிடக் கூடும். படம் நன்றாக இருக்கிறது என்ற சொல்லோடு சுளுக்கு எடுக்கப் போய்விடாமல், வலி நீடித்தால் மீண்டும் செல்லுதல் அவசியம்.

அறுவையின் முறைகள்

இவற்றை விரித்துரைப்பது நமது வேலையன்று. எனினும் நோயாளியின் அச்சம் நீங்குமளவு சொல்லலாம். பெரும்பாலும் முழு மயக்கம் கொடுப்பதில்லை. அக்குளின் அருகிலோ கழுத்தின் அடியிலோ மருந்து செலுத்திக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்கின்றனர். சில மருத்துவமனைகளில் விரலிலேயே ஊசி போட்டு, நோயாளி விழித்திருக்கையில் அறுவை செய்து, “விரலை மடக்குங்கள் பார்க்கலாம்” என்று அவரையே அசைக்கச் சொல்லித் திருகல் நீங்கிவிட்டதா என்று அங்கேயே சோதித்துக்கொள்கின்றனர். சைக்கிள் ஆரக்கம்பியை விட மெல்லிய எஃகுக் கம்பிகளைத் தோலின் வழியே செலுத்தி முறிவைக் கோத்து நிறுத்துவது ஒரு முறை. இக்கம்பிகள் 1909-இல் இம்முறையைக் கொணர்ந்த ஜெர்மானிய மருத்துவர் கிர்ஷ்னரின் பெயரால் இன்றும் வழங்குகின்றன. தோலைத் திறந்து சிறு திருகாணிகளோ தகடோ பொருத்துவது மற்றொரு முறை. கம்பி முறையில் கீறல் இல்லை, செலவும் குறைவு. ஆனால் பிடிப்பு அவ்வளவு உறுதியன்று. தகடு உறுதியானது, ஆனால் அதற்காகத் திறந்த இடத்தில் நாண் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பும் கூடுகிறது. எதனைத் தேர்வதென்பது முறிவைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வது. பக்கத்து வீட்டாருக்குத் தகடு வைத்தனர், எனக்குக் கம்பிதானா என்று மனக்குறைப்பட வேண்டியதில்லை.

வீடு திரும்பிய பின்

இனிச் சொல்லுவதையே அங்கத்தினர்கள் தம் ஊராருக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதல் சில நாட்கள் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்திருப்பது முக்கியம். உறங்கும்போது தலையணை இரண்டின்மேல் கையைக் கிடத்தலாம். துண்டில் தொட்டில் போல் கட்டித் தொங்கவிடுவதால் கை தாழ்ந்து வீக்கம் மிகும். தோளும் முழங்கையும் கூட இறுகும். கட்டப்படாத மூட்டுகள் அனைத்தையும், தோள், முழங்கை, பக்கத்து விரல்கள் உட்பட, அறுவை செய்த நாளிலிருந்தே அசைக்கவேண்டும். இதற்கு விதிவிலக்கே இல்லை எனலாம்.

முறிந்த விரலை அசைப்பது எப்போது என்பது வைத்த பொருளைப் பொறுத்தது. தகடோ திருகாணியோ உறுதியாகப் பிடித்திருந்தால் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் மருத்துவர் அசைக்கச் சொல்லுவர். கம்பி வைத்த விரலில், கம்பி குறுக்கிடாத மூட்டுகளை அப்போதே அசைக்கலாம். கம்பி பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் எடுக்கப்படும். எடுத்த அன்றே மற்ற மூட்டின் வேலையும் தொடங்கவேண்டும். அந்நாளில் படம் எடுத்தால் முறிவுக்கோடு இன்னும் தெரியும். விரலெலும்பு அசைவைத் தாங்குமளவு கூடிய பின்னும் சில மாதங்கள் வரை படத்தில் கோடு மறைவதில்லை. கோடு மறையும் வரை காத்திருப்பேன் என்பவர் கையை இழந்துவிட்டுப் படத்தை வைத்துக்கொண்டிருக்க நேரும்.

பயிற்சி எளியது. விரல்களை நேராக நீட்டுக. பெரிய கணுக்களை அசைக்காமல் மற்ற இரு கணுக்களை மட்டும் கொக்கி போல் மடக்குக. மீண்டும் நீட்டி, இம்முறை பெரிய கணுவில் மட்டும் மடக்கி மேசைப்பலகை போல் நிறுத்துக. பிறகு முழுமையாக மூடி முஷ்டி பிடிக்க. பெருவிரல் நுனியால் மற்ற நான்கு விரல் நுனிகளையும் ஒவ்வொன்றாகத் தொடுக. விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் பத்துத் தடவை. காலையில் ஒரு மணி நேரம் சேர்த்துச் செய்துவிட்டு நாள் முழுதும் சும்மா இருப்பதால் பயனில்லை. மடித்த வேட்டி அதற்குள் ஒட்டிவிடும். சிறு வலி இருக்கும், அதனைப் பொறுக்கவேண்டும். தம் தசையின் முயற்சியால் தாமே அசைப்பதுதான் தேவை. பிறர் விரலைப் பிடித்து வலுக்கட்டாயமாக மடக்குவது கூடவே கூடாது. அதனால் வீக்கம் மிகுந்து உள்ளதும் கெடும்.

புண் நன்றாக ஆறிய பிறகு தழும்பின்மேல் தேங்காயெண்ணெய் தொட்டு வட்டமாக அழுத்தித் தேய்த்தால் தோல் இளகும். மருத்துவர் சம்மதித்த பின், தட்டில் பரப்பிய அரிசியில் விரல்களைப் புதைத்து அளைவதும், மாவு பிசைவதும், ஈரத்துணி பிழிவதும் நல்ல பயிற்சிகள். சாப்பிடுதல், பொத்தான் போடுதல் முதலிய இலேசான வேலைகளை எவ்வளவு விரைவில் அந்தக் கையாலேயே செய்கிறாரோ அவ்வளவு நல்லது. ஊட்டிவிடும் தாய்மார்கள் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ளவேண்டும். மண்வெட்டி, மூட்டை, மாட்டுக்கயிறு ஆகியவற்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் பொறுக்கவேண்டும். பீடி, சுருட்டு எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதைப் புகைப்பவர் அறிந்திருத்தல் நலம்.

கம்பி முனையைச் சுற்றிச் சிவந்து சீழ் வந்தாலும், கம்பி ஆடினாலும், விரல் நுனி நீலம் பாரித்தாலும், மரத்துப்போனாலும், மாவுக்கட்டுக்குள் வலி நேரத்துக்கு நேரம் மிகுந்தாலும் மறுநாள் வரை காத்திராமல் அன்றே போகவேண்டும்.

இத்தகைய பயிற்சியின் சிறப்பை உலகுக்குக் காட்டியதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்டு என்னும் ஆங்கில மருத்துவர் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவையால் திருத்தினார். மருத்துவம் பயிலுமுன் அவர் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். அறுவை முடிந்தவுடன் நோயாளியை அனுப்பிவிடாமல், திருத்திய கையைக் கொண்டு வேலை செய்யப் பயிற்றுவதையும் சிகிச்சையின் பகுதியாகவே அவர் நடத்தினார். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித்துறை அமைந்து பெயர் பெற்றதையும் இங்கே குறிப்பிடவேண்டும்.

நாட்டு வைத்திய முறையில் கட்டுப் போடுவதைப் பற்றிப் பலர் நம்மைக் கேட்பதுண்டு. ஆந்திர மாநிலத்துப் புத்தூரின் பெயர் நம் ஊர்களிலெல்லாம் வழங்குகிறது. பரம்பரையாக வந்த ஒரு கலையை நாம் இகழ்வதற்கில்லை. ஆனால் கைவிரலின் காரியம் வேறு. மூங்கில் சிம்பு வைத்து விரல்களையெல்லாம் நீட்டி ஒரு மாதம் இறுகக் கட்டினால், எலும்பு கூடினாலும் கணுக்கள் மடங்கா என்பதை மேலே கண்டோம். திருகிய விரலை வெளியிலிருந்து கட்டும் கட்டு நேராக்கி நிறுத்துவதும் அரிது. கையின் முறிவு எவ்வளவு சிறியதாயினும் எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவரிடம் காட்டிய பின்னரே வேறு யோசனை செய்யவேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியது மிகுதியாக இருக்கிறது, செலவோ அற்பம். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டு செல்லவும் வகை செய்யப்பட்டது. இது படுத்த படுக்கையாய் இருப்போருக்கு மட்டும் உரியதென்று பலர் எண்ணி, கை அறுவை செய்துகொண்டவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். ஊரில் எவரேனும் அறுவை முடிந்து திரும்பினால், அச்செய்தியை அந்த வாரத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அறிவிப்பதை ஓர் அங்கத்தினர் தம் பொறுப்பாக ஏற்றுக்கொள்ளலாம். ஆங்கிலச் சீட்டைப் படித்துத் தமிழில் எழுதிக் கொடுக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவரைக் கேட்டால் மறுக்கமாட்டார். தீவனம் வெட்டும் இயந்திரத்தின் வாயில் காப்புத்தகடு இருக்கிறதா என்றும் போகிறபோக்கில் ஒரு பார்வை பார்த்துவரலாம்.

இவ்வாறு செய்ததன் பயனையும் நாம் கண்டிருக்கிறோம். நடவு வேலை செய்யும் பெண்மணி ஒருவருக்குச் சென்ற ஆண்டு கல் விழுந்து உள்ளங்கை எலும்புகள் இரண்டு முறிந்தன, கம்பி வைத்தனர். வார்டு அங்கத்தினராகிய அம்மையார் ஒருவர் நாள்தோறும் காலையும் மாலையும் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “எங்கே, மடக்கு பார்ப்போம், தங்கச்சி” என்று எண்ணிக்கொண்டே இருந்தார். அப்பெண்ணின் சுண்டுவிரல் இன்றும் முழுமையாக நீளவில்லை. ஆனால் அடுத்த சம்பா நடவில் அவர் வரிசையில் நின்றார். நாற்றுமுடியைப் பிரித்து நடுவதற்கு அந்த விரல் குறுக்கே நிற்கவில்லை.

முதலிற் சொன்ன விவசாயிக்கு, ஒட்டிய நாண்களை விடுவிக்க இரண்டாம் அறுவை செய்யவேண்டியதாயிற்று. இம்முறை சீட்டை நமது அலுவலக எழுத்தரே தமிழில் எழுதிக் கொடுத்தார். பயிற்சியும் மறுநாளே தொடங்கியது. மோதிரவிரல் முக்கால் பங்கு மடங்குகிறது, சுண்டுவிரல் பாதிதான். உள்ளங்கையை முழுதும் தொடாத விரல்களுக்கு எட்டும்படி, மண்வெட்டிக் காம்பின்மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்கிக்கொள்ளும்படி இயன்முறை மருத்துவர் யோசனை கூறினார். அந்த மண்வெட்டியைக் கொண்டு அவர் இவ்வாண்டு தம் வரப்பைத் தாமே கழித்தார். ஒரு நாள் வேலைக்கு அவருக்கு இரண்டு நாள் பிடித்தது.